கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து

மளிகைச் செலவைக் குறைக்க நினைக்கிற இளவட்டங்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்தக் கடையில மலிவு அண்ணாச்சி?" என்றுதான். மதுரையில் ஆயுளில் பெரும்பகுதியைக் கல்லாவில் உட்கார்ந்தே கழித்தவன் நான். மகன்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள், கடையை மூடியாயிற்று. இனி உண்மையைச் சொன்னால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அந்தக் கேள்வியால் மிச்சமாவது கொஞ்சம்தான். ஒரே தெருவில், கிட்டத்தட்ட ஒரே சம்பளத்தில், அதே எண்ணிக்கை ஆட்களோடு இரண்டு வீடுகள் இருக்கும். இரண்டுக்கும் நான் ஒரே விலையில்தான் சரக்குப் போடுவேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு வீட்டுக் கணக்கு மற்றதைப்போல ஒன்றரைப் பங்கு வந்து நிற்கும். விலையை வைத்தது நான். அளவைச் சொன்னது அவர்கள்.

தன் வீட்டு அளவு தெரிந்த அம்மாக்களைக் கண்டால் எங்களுக்குக் கொஞ்சம் பயம் உண்டு. கையில் சிட்டை இருக்கும். "து.பருப்பு 2 கி, உ.பருப்பு 1½ கி, கடுகு 100, வெந்தயம் 50, பெருங்காயம் சின்ன டப்பா." வெந்தயம் 100 கட்டி நீட்டினால், "50தானே எழுதியிருக்கேன்" என்று திருப்பித் தருவார்கள். இன்னொரு வகை வாடிக்கை உண்டு. "வீட்ல பருப்பு இருக்கான்னு தெரியலை அண்ணாச்சி, எதுக்கும் ஒரு கிலோ போட்டுடுங்க." என் பிள்ளைகளின் படிப்புச் செலவில் ஒரு பகுதி அந்த 'எதுக்கும்' கொடுத்ததுதான்.

அதனால் தம்பி, தங்கச்சிகளுக்கு முதல் வேலையாக நான் சொல்வது இது. சமையலறையில் ஒரு மார்க்கர் பேனா வாங்கி வையுங்கள். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். டப்பாவில் கொட்டி வைக்கிற வீடு என்றால், மூடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அதில் எழுதுங்கள். தீர்ந்த அன்றைக்கு அந்தத் தேதியைப் பாருங்கள். ஒரு கிலோ துவரம்பருப்பு மாதம் முழுக்க வந்ததா, இருபதாம் நாளே காலியா? இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தால், உங்கள் வீடு எவ்வளவு தின்கிறது என்பது விரல்நுனிக்கு வந்துவிடும். அடுத்த வீட்டு அளவு உங்களுக்கு ஆகாது. இட்லிக்கார வீட்டுக்கு உளுந்து அதிகம் போகும், சப்பாத்திக்கார வீட்டுக்கு எண்ணெய் அதிகம் போகும். அம்மா வீட்டுச் சிட்டையை அப்படியே காப்பியடிப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து வண்டு விழுந்த கடலைப்பருப்பைக் குப்பையில் கொட்டுகிறார்கள்.

எண்ணெய்க்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு கணக்கு உண்டு. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டர். அதற்கு மேல் போனால் பணமும் போகிறது, உடம்பும் கேட்கும்.

இன்னொன்று. பேரம் பேசுகிற இடத்தையே பலர் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். மத்திய அரசு 2022-23-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்து வீடுகளின் மொத்தச் செலவில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குப் போவது 4 சதவீதம்கூட இல்லை. பானங்கள், நொறுக்குத் தீனி, கடையில் சமைத்த பண்டம் ஆகியவற்றுக்குப் போவது 10 சதவீதத்துக்கும் மேல். 1999-2000-இல் இதே தானியத்துக்கு நகரத்தில் 12 சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதாவது உங்கள் அப்பா, அம்மா காலத்தில் அரிசி விலையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைப்பது பெரிய சேமிப்பு. நான் கடையை மூடுகிற காலத்திலோ அந்த இரண்டு ரூபாய்க்காக என்னிடம் கால் மணி நேரம் வாதாடி ஜெயித்துவிட்டு, போகிற போக்கில் சிப்ஸும் பிஸ்கட்டும் குளிர்பானமும் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பில் போடுவேன்.

அதற்காக நொறுக்கே வாங்காதே என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இருக்கிற வீடு. ஆனால் அதைச் சிட்டையில் எழுதி வாங்குங்கள். எழுதும்போது கை தானாகவே கொஞ்சம் தயங்கும்.

இட்லி மாவுப் பாக்கெட் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கிலோ மாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அரிசியும் உளுந்தும் வாங்கி வீட்டில் அரைத்தால் செலவு நிச்சயம் குறைவு. ஆனாலும் இருவரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் மாவுப் பாக்கெட் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மாவு வீட்டில் இல்லாவிட்டால் போனை எடுத்து ஓட்டலில் ஆர்டர் போடுவார்கள். எதைவிட எது மிச்சம் என்று பார்க்க வேண்டும். மாமியார் மெச்ச வேண்டும் என்பதற்காகக் கிரைண்டர் வாங்கி மூலையில் வைப்பது சிக்கனத்தில் சேராது.

பாக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பல சாமான்களுக்குச் சட்டமே பாக்கெட் அளவு வைத்திருந்தது. அந்தக் கட்டாயம் போன பிறகு 850 கிராம், 750 கிராம் என்று எண்ணெய்ப் பாக்கெட்டுகள் வந்துவிட்டன. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், விலை மட்டும் பத்து ரூபாய் குறைவாகத் தெரியும். லிட்டரும் கிலோவும் வேறு என்பதையே பலர் நினைப்பதில்லை. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஒரு கணக்குக்கு, லிட்டர் 180 ரூபாய், கிலோ 190 ரூபாய் என்று இரண்டு பாக்கெட் இருந்தால், கண்ணுக்கு 180 மலிவாகத் தெரியும். கணக்குப் போட்டால் அந்த லிட்டர் பாக்கெட், கிலோவுக்கு 198 ரூபாய் ஆகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. சில எண்ணெய்க் கம்பெனிகள் '60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர்' என்று பொடி எழுத்தில் போட்டு விற்றார்கள். சூடானால் எண்ணெய் விரியும். 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்றால் நம் வீட்டு அலமாரியில் அது ஒரு லிட்டருக்குக் குறைவுதான். 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சரியாக அச்சிட வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இப்போது பெரும்பாலான பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அலகு விலையும் அச்சிட்டிருக்கும். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. கண்ணாடி போட்டாவது அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்ற நம்பிக்கை பல சமயம் அங்கேயே உடைந்துவிடும். ஷாம்புவையே எடுங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேயில் பொருள் அடைத்து விற்கத் தொடங்கிய நாளில் இருந்து, நம் ஊரில் சாஷேக்குத் தனிக் கணக்கு. பல கம்பெனிகளில் பாட்டிலைவிடச் சாஷே சரமே மில்லிக்கு மலிவாக விழுகிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட்டில் விலை ஏறவே ஏறாது, உள்ளே இருக்கும் எடைதான் இறங்கும்.

அரிசிச் சிப்பம் 25 கிலோவில் இருந்து 26 கிலோ ஆனதைப் பார்த்திருப்பீர்கள். வியாபாரி தாராளமாகி ஒரு கிலோ கூடக் கொடுக்கவில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்டு அடைத்த அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 26 கிலோ மூட்டைக்கு அது கிடையாது. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிற பருப்புக்கும் கிடையாது. அதனால் சிப்பத்தின் விலையைக் கேட்காதீர்கள், கிலோ விலையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-இல் நெய், வெண்ணெய், பிஸ்கட், சோப்பு, பற்பசை எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. வரி இறங்கியது பில்லில் தெரிகிறதா என்று பார்ப்பது வாங்குகிறவர் வேலை. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்!

வருஷத்துக்குச் சாமான் வாங்குகிற பழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. மாசி, பங்குனி, சித்திரையில் புதுப் புளி, மிளகாய் வத்தல், மல்லி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வரும். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொண்டே இருந்து, விலை இறங்கும்போது வாங்கி, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, பானையில் அடைத்துவிடுவார்கள். புளியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓடு உடைத்த கொட்டைப் புளியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான். கிலோ நூறு ரூபாய்க்குக் கொட்டைப் புளி வாங்கினால், சதையாகக் கையில் நிற்பது அறுநூறு கிராமுக்குச் சற்று மேல். ஆக, கொட்டை எடுத்த புளி 160 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் அதுதான் லாபம். கொட்டை தட்டுகிற கூலியும் மிச்சம். அதற்கு மேல் என்றால் கொட்டைப் புளி வாங்கி, வெயிலில் ஒரு நாள் உணர்த்தி, டி.வி. பார்த்துக்கொண்டே தட்டி எடுக்கலாம். வத்தலும் அப்படித்தான். காம்பு அதிகம் இருந்தால் காம்புக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள்.

ஆனால் இது எல்லாருக்கும் ஆகாது. சென்னையில் மூன்றாவது மாடியில், வெயில் எட்டிப் பார்க்காத வாடகை வீட்டில் இருப்பவர்கள் வருஷத்துப் பருப்பை வாங்கி வைத்தால் அது வண்டுக்கு வாங்கியது. அவர்களுக்கு மூன்று மாத அளவு போதும். அதுவும் புளி, வத்தல், மல்லி மட்டும். மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிக்க மொட்டை மாடியும் வேண்டும், காயப்போட ஒரு ஆளும் வேண்டும்.

காய்கறிக்கு நான் கடைக்காரன் இல்லை, வாங்குகிறவன்தான். 1999 நவம்பர் 14-இல் மதுரையில்தான் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். விவசாயியே கொண்டுவந்து விற்கிற இடம். அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். காலையில் போனால் பிஞ்சுக் காயாகப் பார்த்து எடுக்கலாம். ஊர்ச் சந்தைகளில் சாயங்காலம் போனால் தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அன்றே சமைத்துவிடுவதாக இருந்தால் கூறு நல்ல லாபம். நான்கு நாள் வைத்துச் சமைக்க அது உதவாது. பத்து ரூபாய் மிச்சத்துக்காக ஸ்கூட்டரில் ஊர் தாண்டிப் போகிறவர்கள் பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலை ஏறும் காலத்தில் அலைய வேண்டாம், குழம்பை மாற்றுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அரசே சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வரிசையில் நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். என் வீட்டில் அந்த மாதம் மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, மாங்காய் போட்ட பருப்பு என்று ஓடியது. தக்காளி நம் ஊருக்கு வருவதற்கு முன்னாலும் நம் ஆட்கள் குழம்பு வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

ரேஷன் கடைக்குப் போக வெட்கப்படுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடையில் துவரம்பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பருப்பு ஒன்றை மட்டும் மாதாமாதம் தவறாமல் வாங்கினாலே வருடத்துக்கு நல்ல தொகை. புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லையா, நன்றாகக் கழுவி ஊறவைத்து இட்லிக்குப் போடுங்கள். எத்தனையோ வீடுகளில் அதுதான் இட்லி அரிசி. இது நம் வரிப்பணத்தில் நடக்கிற கடை. ஒரு மளிகைக் கடைக்காரனே இதைச் சொல்கிறேன்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற செயலிகளைப் பற்றி என்ன சொல்ல? டெலிவரிக் கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், சின்ன ஆர்டருக்குத் தனிக் கட்டணம் என்று பில்லின் அடியில் சேர்வதை எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. கடைக்கு ஒரு சாமானுக்கு வருகிறவர் ஒன்றோடு திரும்ப மாட்டார் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதற்காகத்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் பாட்டிலை வைத்தோம். சூப்பர் மார்க்கெட்டில் உப்பும் பருப்பும் கடைசி வரிசையில் இருப்பது, நீங்கள் மற்ற வரிசைகளைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்தில் ஆட்கள் மாதத்துக்கு ஒரு தடவை பெரிய சிட்டையோடும், இடையில் நாலைந்து தடவை சில்லறைக்கும் வருவார்கள். இன்றைக்குக் கடை பாக்கெட்டிலேயே இருக்கிறது. படுக்கையில் கிடந்தபடி ஒரே நாளில் மூன்று தடவை கடைக்குப் போய் வருகிறீர்கள். செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவையானதைக் கூடையில் போட்டு வையுங்கள், உடனே ஆர்டர் கொடுக்காதீர்கள். மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். கூடையில் பாதி உங்களுக்கே வேண்டாததாக இருக்கும்.

கடன் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பற்று நோட்டில் எழுதி வாங்குகிறவர் விலை கேட்டு நான் பார்த்ததில்லை. 'பிறகு கட்டு' என்று போனில் வருவதும் அதே நோட்டுதான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. சில்லறையாக ஊற்றிக் கொடுக்கிற எண்ணெய் மலிவாக இருக்கும். அப்படி விற்பதையே உணவுப் பாதுகாப்பு விதி தடைசெய்திருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வத்தலும் மல்லியும் மஞ்சளும் முழுசாக வாங்கி, மெஷினில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். அடிமாட்டு விலைக்கு விற்கிற மிளகாய்ப் பொடியின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிற தைரியம் எனக்கே இருந்ததில்லை, அந்தச் சரக்கை நான் எடுத்ததும் இல்லை. பிள்ளைகளின் பருப்பு, முட்டை, பாலில் கை வைக்காதீர்கள். முட்டைக்கு நாமக்கல் பண்ணை விலை பத்திரிகையில் தினமும் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கடைசியாக, பில் போடும்போது தராசைப் பாருங்கள். சாமான் வைக்கும் முன் அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்தால், பெட்டியைத் தனியாகக் கழிக்கச் சொல்லுங்கள். கிலோ எண்ணூறு ரூபாய் நெய் இனிப்பின் விலைக்கு அட்டை வாங்க வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்குக் கீழே விற்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு, மேலே விற்க இல்லை. தண்ணீர் பாட்டிலையோ பால் பாக்கெட்டையோ ஃப்ரிட்ஜில் வைத்ததற்கு என்று இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள். 'கூலிங் சார்ஜ்' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. புகார் சொல்ல வேண்டிய எண் 1915.